ஒப்பீட்டுக்கு ஆறு கோயில்

பத்தரைக்கு வரச் சொன்னார்கள். பதினொன்றே கால் ஆகிவிட்டது, இன்னும் கூப்பிடவில்லை. பூங்கோதை நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தால்தான் என்ன, யார் கேட்கப் போகிறார்கள், ஆனாலும் முதுகு சாய மாட்டேன் என்றது. ஐந்து மணி பஸ்ஸில் ஏறி, வழியில் பாதி டீயைச் சேலையில் சிந்தி, சென்னையில் இறங்கியதும் ஆட்டோக்காரரோடு சண்டை போட்டு வந்து சேர்ந்த உடம்பு. இந்த ஏசி வேறு. எதற்கு இத்தனை குளிர், உள்ளே பிணமா வைத்திருக்கிறார்கள்? ஊரில் அவள் ஆலோசகராக வேலை பார்க்கும் குடிநோய் வார்டில் பதினாறு கட்டிலுக்கு மூன்று ஃபேன், அதில் ஒன்று சுற்றும்போது அடியில் யாரும் படுக்கமாட்டார்கள். மடியில் ஃபைல், ஃபைலுக்குள் அந்தக் கடிதம். அதை இனிமேல் எடுத்துப் பார்ப்பதில்லை என்று பஸ்ஸிலேயே முடிவு செய்திருந்தாள். பார்த்து என்ன ஆகப்போகிறது, கண்ணை மூடினாலும் அந்த வரி ஓடுகிறது. 'பன்னிரண்டு கோயில்களில் ஆறில் மட்டும் மருந்து மேசை அமைக்கப்பட்டு, ஏனைய ஆறில் வழக்கமான துண்டறிக்கை மட்டும் வழங்கப்பட்டு, அவை ஒப்பீட்டுக் குழுவாகக் கொள்ளப்படுமாயின், தங்கள் திட்டம் நிதியுதவிக்குப் பரிசீலிக்கப்படும்.' கொள்ளப்படுமாயின்! எழுதின கை நடுங்கியிருக்காது. நல்ல பேனா, நல்ல மேசை, பக்கத்தில் பிஸ்கட். இந்த ஆறு கோயிலில் குடியை விடக் கயிறு கட்டுகிறவன் பிழைக்கட்டும், அந்த ஆறு கோயிலில் கட்டுகிறவன் என்ன ஆகிறான் என்று பார்ப்போம், அதுதானே அதற்கு அர்த்தம். இன்று உள்ளே போய் அவள் சம்மதம் என்று சொன்னால் ஆறு கோயிலுக்கு மேசை. சம்மதமில்லை என்றால் ஒரு கோயிலுக்கும் கிடையாது. இதைச் சொல்ல டாக்டர் முகுந்தன்தான் வந்திருக்க வேண்டும், திட்டத்தில் முதல் பெயர் அவருடையது. அவருக்குக் கோர்ட்டில் சாட்சி. "நீங்க போயிட்டு வந்துடுங்க பூங்கோதைம்மா, உங்களைவிட யாருக்குத் தெரியும்" என்றுவிட்டார். தெரிந்தவளுக்குத்தான் இந்தத் தலைவலி.

பக்கத்து நாற்காலிக்காரரும் நிதி கேட்டு வந்தவர்தான். ஏதோ பெரிய ஆய்வுக்கூடமாம். மடிக்கணினியில் எலி மூளையின் படம், சிவப்பும் பச்சையுமாகத் திருவிழா விளக்கு மாதிரி. எலிகளுக்குச் சாராயம் கொடுத்துப் பழக்குகிறார்களாம், பிறகு நிறுத்துகிறார்களாம், அப்போது மூளையில் எந்த மூலை துடிக்கிறது என்று பார்க்கிறார்களாம். நல்ல மனுஷன், சிரித்த முகம், குறை சொல்ல ஒன்றுமில்லை, அதனாலேயே இன்னும் எரிச்சல் வந்தது. "உங்களுது என்ன மெக்கானிசம் மேடம்?" என்று கேட்டார். "மேசை சார்" என்றாள். "மேசையா?" "மேசை. ரெண்டு நாற்காலி. கோயில்ல போடறது." அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. எப்படிக் கேட்பார்? எலிக்கு நடுக்கம் வந்தால் குறித்துக்கொள்ள ஆள் இருக்கிறது, அதற்குக் கூண்டுக்கு ஒரு சீட்டு, சீட்டில் நாள், நேரம். தம்பி மாசிலாமணிக்கு யார் சீட்டு கட்டினார்கள்? வேண்டாம், அவனை இப்போது நினைக்கக் கூடாது, உள்ளே போகும்போது குரல் உடைந்தால் போச்சு, பெண்பிள்ளை அழுகிறாள் என்று தண்ணீர் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். கோபமாகவே இருக்க வேண்டும். கோபம் நல்லது, குரல் கெட்டியாக நிற்கும். இவர்கள் விளம்பரத்திலேயே என்ன போட்டிருந்தார்கள்? போதை நோய்த் தடுப்பிலும் சிகிச்சையிலும் ஏற்கெனவே தெரிந்ததை மக்களிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஆராய்ச்சிக்கு நிதி. அதைப் படித்தபோது வார்டிலேயே துள்ளிக் குதித்தாள், விக்டோரியா சிஸ்டர் என்னக்கா என்னக்கா என்று ஓடி வந்தாள். தெரிந்ததைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. மருந்து கண்டுபிடித்தாகிவிட்டது, அவள் பிறப்பதற்கு முன்னாலேயே கண்டுபிடித்தாகிவிட்டது. சின்ன மாத்திரை, தாலுகா ஆஸ்பத்திரி அலமாரியிலேயே இருக்கிறது. அது வேலை செய்யுமா என்பது இல்லை கேள்வி. ஏன் அது எட்டு மைல் தள்ளி இருக்கிற மனுஷன் வாய்க்குள் போய்ச் சேரவில்லை என்பதுதான் கேள்வி. அதற்கு அவள் ஒரு பதில் கொண்டுவந்தால், சரி, பதில் இல்லாத ஆறு இடத்தையும் காட்டு என்கிறார்கள். அட போங்கய்யா, பதில் இல்லாத இடம்தானே ஊர் முழுக்க இருக்கிறது.

அவள் ஊர்ப் பக்கத்தில் குடியை நிறுத்த வேண்டுமென்றால் முனியப்பனிடம் கயிறு கட்டிக்கொள்வது வழக்கம். வெள்ளிக்கிழமை காலையில் குளித்து ஈரத்துணியோடு வர வேண்டும். பூசாரி எலுமிச்சம்பழத்தை அறுத்து உச்சந்தலையில் தேய்த்து, வலது மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டுவார். சூடத்தின் மேல் சத்தியம். அன்றிலிருந்து ஒரு மண்டலம் ஒரு சொட்டு கூடாது. கட்டினவர்கள் கேட்கவும் செய்கிறார்கள், அதுதான் அதிசயம். பெண்டாட்டி தாலியைக் கழற்றி வைத்தும் கேட்காதவன், பிள்ளை காலைப் பிடித்தும் கேட்காதவன், வார்டில் மூன்று முறை சேர்ந்து மூன்று முறையும் சுவரேறிக் குதித்தவன், அந்தக் கயிற்றுக்குக் கேட்கிறான். கயிறு பொய்யில்லை. கயிறு நிறுத்திவிடும். ஆனால் பத்து வருஷம் காலையும் மாலையும் ஊற்றிப் பழகிய உடம்பு, ஒரே நாளில் நிறுத்தினால் சும்மா இருக்குமா? மறுநாள் கை நடுங்கும், வேர்க்கும், தூக்கம் போகும். சிலருக்கு மூன்றாம் நாள் வலிப்பு, இல்லாத பூச்சி சுவரில் ஊரும், இல்லாத ஆள் வாசலில் நின்று கூப்பிடுவான். சாமி சோதிக்கிறார் என்று கற்பூரம் ஏற்றுவார்கள். சோதனையில் சிலர் செத்துப்போவார்கள். போன வருஷம் பூங்கோதை ஏரிக்கரை முனியப்பன் கோயிலுக்குப் போய்ப் பூசாரி பொன்னுரங்கத்திடம் மூன்று வெள்ளிக்கிழமை மல்லுக்கட்டினாள். "சாமிக்குக் குடுத்த வாக்குக்கு மாத்திரை எதுக்கும்மா?" என்றார் அவர். "குடியை நிறுத்தறது சாமி, நடுக்கத்தை நிறுத்தறது நாங்க, அவர் வேலையில நாங்க தலையிடல" என்றாள். பூசாரி விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு இரண்டு நிபந்தனை போட்டார். மேசை செருப்பு விடும் இடத்துக்கு இப்பால் வரக்கூடாது, மாத்திரை டப்பாவைச் சாமி காலடியில் வைத்து விபூதி போட்டுத்தான் எடுக்க வேண்டும். தாராளமாக! டாக்டர் உட்கார்ந்து பார்ப்பார், அவள் கேட்பாள், காலையில் எழுந்ததும் வேணுமா, கடைசியாக எப்போது குடித்தீர்கள், கையை நீட்டுங்க. தேவைப்பட்டவர்களுக்கு நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டே போகும் மாத்திரை, ஒரு வாரத்துக்கு. கிராம நர்ஸ் மூன்று நாள் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பாள். நாலாவது வாரம் பூசாரியே மைக்கைப் பிடித்துவிட்டார். "கயிறு கட்டினவங்க நேரா மேசைக்குப் போங்க, மேசைக்குப் போவாதவங்களுக்குக் கயிறு செல்லாது!" எந்த ஆராய்ச்சியாளன் இப்படி ஒரு வரி எழுதியிருக்கிறான்? எட்டு மாசம். ஒரு வலிப்பு இல்லை, ஒரு சாவு இல்லை. எட்டு மாசத்தோடு மேசைக்குக் கிடைத்திருந்த சின்ன நிதி முடிந்தது, மாத்திரையும் டாக்டரின் வெள்ளிக்கிழமையும் முடிந்தது, மேசையை மடக்கிக் கோயில் மடப்பள்ளியில் சாத்தியாயிற்று. மூன்று மாசமாக எல்லாக் கோயிலுக்கும் வார்டின் துண்டு நோட்டீஸ்தான் போகிறது. இதற்கும் அந்த ஃபாரத்தில் ஒரு கேள்வி: திட்டம் முடிந்த பின் எப்படித் தொடரும்? எப்படித் தொடரும், நீங்கள் நிறுத்தினால் எப்படித் தொடரும், சொல்லுங்களேன்.

அட்டெண்டர் கதவைத் திறந்து தலையை நீட்டினார். எல்லோரும் நிமிர்ந்தார்கள். எலிக்காரர் பெயர். அவர் மடிக்கணினியைக் குழந்தையைத் தூக்குவது போல் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். அப்படியானால் அடுத்தது அவள்.  காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை, சாப்பிட்டால் பஸ்ஸில் வாந்தி வரும், மாசிலாமணிக்கும் அப்படித்தான், சின்ன வயதில் பஸ் ஏறினால் ஜன்னலோரம் அவனுக்கு, பக்கத்தில் பிளாஸ்டிக் கவரோடு அவள். பார், நினைக்கக் கூடாது என்றால் அங்கேதான் போகிறது. போகட்டும், சனியன், போய்த் தொலையட்டும். ஆறு வருஷம் ஆகிறது. அப்போது அவள் குடிநோய் வார்டில் இல்லை, காசநோய்ப் பிரிவில் மாத்திரை அட்டை எண்ணிக்கொண்டிருந்தாள். மாசிலாமணி டைல்ஸ் போடுகிறவன், முப்பத்து மூன்று வயது, அவன் போட்ட தரையில் கோலி உருட்டினால் நடுவில் நிற்கும் என்று மேஸ்திரிகள் பெருமையாகச் சொல்வார்கள். குடி கூடிக்கூடி, கடைசியில் காலையில் கரண்டி பிடிப்பதற்கே ஒரு ரவுண்டு வேண்டியிருந்தது. அவள்தான் கெஞ்சினாள், திட்டினாள், சோறு போடமாட்டேன் என்றாள், ஒரு வெள்ளிக்கிழமை கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கயிறு கட்டினாள். "உனக்காகத்தாங்க்கா" என்றான். எவ்வளவு சந்தோஷம் அன்று! கேசரி செய்தாள். சனிக்கிழமை டம்ளரைப் பிடிக்க முடியவில்லை, எலுமிச்சம் ஜூஸை அவளே வாயில் வைத்துக் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் போர்வையிலிருந்து எறும்பு பொறுக்கினான். ஒரு எறும்பு இல்லை. பிறகு தரையில் குந்தி உட்கார்ந்து வெறும் கையால் டைல்ஸ் போட ஆரம்பித்தான், தட்டினான், விரலால் கலவையைத் துடைத்தான், ஒரு கண்ணை மூடிப் பார்த்தான். "என்னடா பண்ற?" "லெவல் பாத்துக்கிட்டிருக்கேன்க்கா, மிதிச்சிடாத, ஈரம் காயல." அவள் சிரித்தாள். சிரித்தாளே பாவி! சாமி உள்ளே இறங்கி வேலை செய்கிறார் என்று நினைத்து, மிதிக்காமல் சுற்றிப் போய்க் கற்பூரம் ஏற்றினாள்.

அப்போது வந்தவர் எதிர்வீட்டு ஆண்டியப்பன். ஊரறிந்த குடிகாரர், பகலில் பாதி நேரம் டிரான்ஸ்ஃபார்மர் அடியில் கிடப்பார். வாசலில் நின்று மாசிலாமணியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "பாப்பா, இது நல்லதுக்கில்ல. எங்க அண்ணன் இப்படித்தான் போனான். ஒரு மூடி குடுத்து நடுக்கத்தை அடக்கி, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கிட்டுப் போ" என்று இடுப்பிலிருந்து குவார்ட்டர் பாட்டிலை எடுத்தார். பூங்கோதை விளக்குமாற்றை எடுத்தாள். "கயிறு கட்டின வீட்டுல சாராயத்தைக் கொண்டுகிட்டு வர்றியா, நாசமாப் போறவனே, என் தம்பி திருந்தறது உனக்குப் பொறுக்கலையா?" தெருவே பார்த்தது. முதுகில் இரண்டு அடியும் விழுந்தது. அவர் திருப்பித் திட்டவில்லை, "தூக்கிக்கிட்டுப் போ பாப்பா" என்று மட்டும் சொல்லிக்கொண்டே போனார். மத்தியானம் மாசிலாமணிக்கு வலிப்பு வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. ஷேர் ஆட்டோவில் அவள் மடியில் தலை. ரயில்வே கேட் மூடியிருந்தது. கேட் திறந்தபோது வேகமாகப் போவதற்குக் காரணம் ஒன்றும் மிச்சமில்லை. ஆஸ்பத்திரியில் வலிப்பு நோய் என்று எழுதினார்கள், யாரும் குடியைப் பற்றிக் கேட்கவில்லை, அவளும் பெருமையாகச் சொன்னாள், இப்போ குடிக்கறதில்ல சார், கயிறு கட்டியிருக்கு. ஒன்றரை வருஷம் கழித்து குடிநோய் வார்டுக்கு மாற்றல் வாங்கி வந்தபோது ஒரு வாரப் பயிற்சி கொடுத்தார்கள். இரண்டாம் நாள், சாப்பாட்டுக்கு முன்னால், திரையில் ஒரு பட்டியல். நடுக்கம். வியர்வை. இல்லாத பூச்சி தெரிவது. செய்யும் தொழிலை வெறுங்கையால் செய்வது. உரிய மருந்து கொடுத்தால் தடுக்கக்கூடியது. தடுக்கக்கூடியது! பாடம் எடுத்தவன் அதைச் சொல்லிவிட்டுக் கொட்டாவி விட்டான். பூங்கோதை எழுந்து போய்க் கழிவறையில் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். அன்று வந்த கோபம் இன்னும் போகவில்லை. யார் மேல் என்று கேட்டால் எல்லார் மேலும். தெரிந்து வைத்துக்கொண்டு சொல்லாதவன் மேல், கொட்டாவி விட்டவன் மேல், வலிப்பு என்று எழுதினவன் மேல், ரயில்வே கேட் மேல், முனியப்பன் மேல், இன்னும் உயிரோடு இருந்து தெருவில் பார்க்கும்போது "சௌக்கியமா பாப்பா" என்று கேட்கிற ஆண்டியப்பன் மேல். அவர் ஒரு நாளாவது அதைச் சொல்லிக் காட்டியிருக்கலாம். சொல்லிக் காட்டவே மாட்டேன் என்கிறாரே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

சரி, இப்போதைக்கு வா. ஆறு கோயில். நேற்று சாயங்காலம் டாக்டர் ஃபோனில் என்ன சொன்னார்? "கோபப்படாதீங்க பூங்கோதைம்மா. இப்போ ஒரு மேசையும் இல்ல. ஆறு கிடைக்குது. ரெண்டு வருஷம் கழிச்சு ரிசல்ட்டைக் காட்டினா மாவட்டம் பூரா கிடைக்கும். தலையை ஆட்டிட்டு வந்துடுங்க." சரியாகத்தான் சொல்கிறார். மடத்தனமாகப் பேசுகிறவனைத் திட்டிவிட்டுப் போகலாம், சரியாகப் பேசுகிறவரை என்ன செய்வது? ஒன்றுமில்லாததற்கு ஆறு பெரிது. ஆனால் எந்த ஆறு? கல்குவாரி முனியப்பனா? அங்கே வருகிறவர்களுக்குக் காலை ஆறு மணிக்கே வேண்டும், பாறைத்தூசிக்குத் தொண்டை காய்கிறதாம். அவர்களை விட முடியாது. கரும்பு வெட்டுகிறவர்கள் வரும் கோயிலா? அது ஆஸ்பத்திரியிலிருந்து ரொம்ப தூரம், அங்கே வலிப்பு வந்தால் தூக்கிக்கொண்டு வர வழியில்லை. விடவே முடியாது. அப்போது ரோட்டோரத்து முனியப்பன். ரோட்டோரம் என்றால் லாரி டிரைவர்கள், ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும்போது வலிப்பு வந்தால் அவனோடா போகும்? இப்படி ஒவ்வொன்றாகப் பன்னிரண்டும் வந்து நிற்கிறது. அவள் தேர்ந்தெடுக்க வேண்டாமாம், கம்ப்யூட்டர் குலுக்கிப் போடுமாம், யாருக்கும் பாரபட்சம் இல்லையாம். குலுக்கிப் போட்டால் பாவம் பிரிந்து போய்விடுமா? அந்த ஆறு கோயிலுக்கு நோட்டீஸாம். நோட்டீஸ்! அதில் சுண்டல் மடிப்பார்கள், பஸ் சீட்டைத் துடைப்பார்கள். காகிதம் போய் நடுக்கத்தை நிறுத்துமா? இல்லை, இல்லை, சம்மதம் சொல்ல முடியாது, சொன்னால் ஆறு கோயிலிலும் எத்தனை மாசிலாமணி. சொல்லாவிட்டால் பன்னிரண்டிலும். அப்போது சொல்லித்தான் ஆக வேண்டும். சொன்னால்... இப்படியே செக்குமாடு மாதிரி சுற்றிச் சுற்றித் தலை கிறுகிறுத்தது. ஒன்று கேட்கலாம். நோட்டீஸ்தானே, அந்த நோட்டீஸிலாவது ஒரு வரி சேர்க்க விடுங்கள் என்று கேட்கலாம். கை நடுங்குகிறவன் திடீரென்று நிறுத்தாதே, முதலில் ஆஸ்பத்திரிக்கு வா. ஒரே வரி. அந்த ஒரு வரி அன்றைக்கு அவள் கையில் இருந்திருந்தால்! ஆமாம், இதைக் கேட்க வேண்டும், கேட்டு வாங்கிக்கொண்டு சம்மதம் சொல்ல வேண்டும். பஸ்ஸில் ஏன் தோன்றவில்லை இது? எலிக்காரர் வெளியே வந்தார், முகமெல்லாம் சிரிப்பு. "ஆல் தி பெஸ்ட் மேடம்" என்றார். அட்டெண்டர் அவள் பெயரைக் கூப்பிட்டார்.

உள்ளே மூன்று பேர். நடுவில் தாடி நரைத்த தலைவர், ஒரு பக்கம் கணக்குப் பேராசிரியர், மறுபக்கம் வயதான பெண் டாக்டர் ஒருவர், கண்ணாடியைக் கழுத்துச் சங்கிலியில் தொங்கவிட்டபடி காகிதங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். "நல்ல வேலைம்மா, மேசைன்னு ஒண்ணை யாரும் யோசிக்கல" என்றார் தலைவர். "எங்க லெட்டர் வந்திருக்கும். ஒப்பீட்டுக் குழுவுக்குச் சம்மதமா? ரெண்டுல ஒண்ணு சொல்லிட்டா முடிச்சுடலாம்." இவ்வளவு மரியாதையாகப் பேசுவார்கள் என்று எதிர்பார்க்கவில்லை. கோபம் எங்கே நழுவிவிடுமோ என்று பயந்து பூங்கோதை குரலை உயர்த்தியே ஆரம்பித்தாள்.

"ஒரே ஒரு வேண்டுகோள் சார். அந்த ஆறு கோயிலுக்கும் போற நோட்டீஸ்ல ஒரு வரி சேர்க்கணும். கை நடுங்கற அளவுக்குக் குடிக்கறவங்க திடீர்னு நிறுத்தினா உயிருக்கே ஆபத்து, முதல்ல ஆஸ்பத்திரிக்கு வாங்கன்னு. அவ்வளவுதான்."

பேராசிரியர் பேனாவை வைத்தார். "அப்படிப் போட்டா அவங்களும் மருந்துக்கு வந்துடுவாங்களேம்மா. அப்புறம் ரெண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் எப்படித் தெரியும்? நீங்க புதுசா ஒண்ணும் செய்ய வேண்டாம். வழக்கமா எதைக் குடுக்கறீங்களோ அதையே குடுங்க."

"வித்தியாசம் தெரியறதுக்கு எத்தனை பேர் சாகணும் சார்?" மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "என் தம்பி செத்தான். நான்தான் இழுத்துக்கிட்டுப் போய்க் கயிறு கட்டினேன். மூணாவது நாள் செத்தான். இந்த ஒரு வரியை எவனாவது ஒரு துண்டுக் காகிதத்துல எழுதி என் கையில குடுத்திருந்தா அவன் இன்னிக்கு எங்கேயாவது தரை போட்டுக்கிட்டிருப்பான். எவனும் குடுக்கல. தெரிஞ்சவன் எல்லாம் தெரிஞ்சுகிட்டே சும்மா இருந்தான். அப்படி இருந்தவனை எல்லாம் செருப்பால அடிக்கணும் சார்!"

 தலைவர் தண்ணீர்ப் பாட்டிலை நகர்த்தி வைத்தார். வயதான பெண் டாக்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு காகிதத்தைத் தனியாக எடுத்தார். "பூங்கோதை, இது உங்க விண்ணப்பத்தோட கடைசி இணைப்பு. வழக்கமா குடுக்கற நோட்டீஸ். யார் எழுதினது?"

"எனக்கு முன்னாடி இருந்தவங்க மேடம். வருஷா வருஷம் நான் ஃபோன் நம்பரை மட்டும் மாத்தி அச்சுக்குக் குடுப்பேன்."

"படிச்சிருக்கீங்களா?"

படிக்காமலா என்று சொல்ல வாயெடுத்தாள். டாக்டர் காகிதத்தை நீட்டினார். மஞ்சள் தாள், உடைந்த பாட்டில் படம், நாலு வருஷமாகக் கட்டுக்கட்டாக அவள் கையால் போன தாள். 'குடியை இன்றே விடுங்கள்! இப்போதே விடுங்கள்! நாளை என்று தள்ளிப் போடாதீர்கள். இனி ஒரு சொட்டும் வேண்டாம். மன உறுதி இருந்தால் மருந்தே தேவையில்லை.' கீழே, தொடர்புக்கு: அவளுடைய பெயர். இன்னொரு முறை படித்தாள். வரியில் மாற்றமில்லை. மேசை இருந்த எட்டு மாசமும் ஏரிக்கரையில் யாரும் நோட்டீஸைப் பார்க்கவில்லை, பூசாரியின் மைக் அதை அடித்துவிட்டது. மற்றக் கோயில்களில்? அதற்கு முன்னால்? பிறகு, இந்த மூன்று மாசம்? எட்டுக் கோயிலா, பத்துக் கோயிலா, எத்தனை வெள்ளிக்கிழமை, யார் வீட்டில் போய்க் கேட்டாள், யாருக்கு வலிப்பு வந்தது என்று யாரைக் கேட்டாள்? இவர்கள் மேல், கொட்டாவி விட்டவன் மேல், ரயில்வே கேட் மேல் வைத்திருந்ததெல்லாம் ஒரே நேரத்தில் திரும்பி வந்து அவள் நெஞ்சிலேயே உட்கார்ந்தது. வெள்ளிக்கிழமை. இன்றைக்கு வெள்ளிக்கிழமை. அனுமதி கேட்கவில்லை, கைப்பையிலிருந்து ஃபோனை எடுத்தாள்.

"விக்டோரியா, நோட்டீஸ் எவ்வளவு இருக்கு? ஒண்ணுகூட வெளிய போகக்கூடாது, பீரோவுல வச்சுப் பூட்டு."

"ஒண்ணும் இல்லையேக்கா. இந்த வாரத்து மூணு கோயிலுக்கும் காலையிலயே போயிடுச்சு. நீங்கதானே நேத்து கட்டுக் கட்டி வச்சிட்டுப் போனீங்க?" ஃபோனை அவள் காதிலிருந்து தள்ளிப் பிடித்திருந்ததால் அறை முழுக்கக் கேட்டது. "இன்னிக்கு நல்ல கூட்டமாம். மூணும் சேர்த்து முப்பத்தாறு பேர் கட்டியிருக்காங்க. ஏங்க்கா, அங்க என்ன ஆச்சு? குடுத்துட்டாங்களா?"

"லைன்லயே இரு."

"என்னம்மா முடிவு?" என்றார் தலைவர், மெதுவாகத்தான் கேட்டார்.

"சம்மதமில்ல சார். உங்களுக்கு ஒப்பீட்டுக் குழு வேணும்னா புதுசா உண்டாக்க வேணாம். நாலு வருஷமா நான்தான் நடத்திக்கிட்டிருக்கேன். நான் குடுத்த காகிதம், போன வீடு எல்லாத்தையும் தேடி எழுதி அனுப்பறேன், எண்ணிப் பாத்துக்குங்க. இன்னியோட அது முடிஞ்சுது." எழுந்தாள். "நாளைக்குச் சாயங்காலம் கை நடுங்க ஆரம்பிக்கும். நான் கிளம்பறேன்."

பேராசிரியர் ஏதோ சொன்னார், காதில் விழவில்லை. தாழ்வாரத்தில் அடுத்த ஆள் அவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். லிஃப்டுக்கு நிற்காமல் படியில் இறங்கிக்கொண்டே பேசினாள். டாக்டரைக் கோர்ட்டிலிருந்து கூப்பிடு, அலமாரியில இருக்கற மாத்திரையை எடுத்து வை, பூசாரிங்ககிட்ட பேர் ஊர் கேட்டு எழுது, கிராம நர்ஸ் எல்லாருக்கும் ஃபோன் போடு, ஒரு வீடு விடக்கூடாது. விக்டோரியா எல்லாவற்றுக்கும் சரிக்கா, சரிக்கா என்றாள். பிறகு தயங்கினாள்.

"அக்கா, அவங்க கேப்பாங்களே. காலையில மருந்தே தேவையில்லைன்னு நாமதானே காகிதம் குடுத்தோம். இப்போ மாத்திரையோட போய் நின்னா, என்னன்னு சொல்றது?"

பூங்கோதை படியில் நின்றாள்.

"அதுல போட்டிருக்கறது தப்புன்னு சொல்லு. யார் போட்டதுன்னு கேட்டா கீழ இருக்கற பேரைப் படிச்சுக் காட்டு."